உன் பாட்டிலில் உப்பு இல்லை

கண்ணு,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாயே ஒரு பாட்டில், அதில் முக்கால்வாசி இன்னும் அப்படியே இருக்கிறது. மீதிக் கால்வாசியை உன்னைக் கேட்காமல் நான் எடுத்துவிட்டேன். எதற்காக எடுத்தேன், எடுத்து என்ன செய்தேன், என்ன கண்டேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். நேரில் ஆரம்பித்தால், "அம்மா, ரிட்டையர் ஆனாலும் பரீட்சை வைக்கறத நிறுத்த மாட்டீங்களா" என்று சிரித்துக்கொண்டே நீ எழுந்து போய்விடுவாய். நானும் தோசை ஆறிவிடும் என்று பேச்சை மாற்றிவிடுவேன். இந்த வாரம் இரண்டு முறை அப்படித்தான் ஆயிற்று. எழுதிவிட்டால் பேச்சை மாற்ற முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் நடக்கப்போகும் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை நான் எழுந்து நின்று படிக்கப் போகிறேன். ஊருக்கு முன்னால் நீ முதல்முறையாகக் கேட்கக் கூடாது என்பதால், வியாழக்கிழமையான இன்றே உன்னிடம் தருகிறேன்.

கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். மூன்று வருடமாக நீ ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு இன்சார்ஜ். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் தொட்டிகளில் தேங்கி, வண்டல் படிந்து, கடைசியில் ஆள் உயர இரும்புத் தொட்டியில் அடைத்த கார்பன் வழியாக வெளியே வருகிறது. அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு ஓடைக்கரைத் தோப்புகளுக்குக் கொடுப்பதாக உன் முதலாளி சொல்லியிருக்கிறார். மழை பொய்த்த இந்த வருடத்தில் அது பெரிய வார்த்தை. பாசனத்துக்கு உகந்தது என்று ஒரு தாளில் நீ கையெழுத்துப் போட வேண்டும். குழாயில் முதல் தோப்பு உன் மாமனுடையது, அதாவது என் அண்ணனுடையது. எனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறாய். "நீங்க மேடையில ஒரு வாய் குடிச்சுக் காட்டினாப் போதுங்கம்மா. டீச்சர் குடிச்சா ஊரே குழாயத் திறந்துரும்" என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். காய்ச்சல் இல்லை. ஏறக்குறைய அதே வார்த்தையை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருடம் அது. வேறொரு சாயப்பட்டறையின் முதலாளி என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மிகவும் மரியாதையான பேச்சு. "கரி போட்டுச் சுத்தம் பண்ணித்தான் ஓடையில விடறோம்னு நாங்க சொன்னா சனம் நம்ப மாட்டேங்குதுங்க டீச்சர். நீங்க ஒருக்கா செஞ்சு காட்டீட்டீங்கன்னா நம்புமுங்க" என்றார். போகும்போது ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பீரோவெல்லாம் கதவே இல்லாம கெடக்குதுங்களே" என்று வருத்தப்பட்டார். அடுத்த வாரமே இரண்டு புதுப் பீரோக்கள் வந்து இறங்கின. அதற்கும் நான் செய்யப்போகிற காரியத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. யாராவது உன்னிடம் உதவி கேட்டுவிட்டு, கேட்காத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனால், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார். உன் முதலாளி போன மாதம் உனக்குக் கொடுத்த புது மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கரி என்ன செய்யும் என்பதை நான் முப்பது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உனக்கும் சொல்லியிருக்கிறேன். தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்கச்சியை, காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, அதற்கு மேலும் கடும் சூட்டில் நீராவி கொடுத்தால், கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் உண்டாகும். ஒரு கைப்பிடிக் கரியின் உள்சுவர்களையெல்லாம் பிரித்து விரிக்க முடிந்தால் உன் மாமன் தோப்பு அளவுக்கு வரும். சாயம், எண்ணெய், நாற்றம் எல்லாம் அந்தச் சுவர்களில் வந்து ஒட்டிக்கொள்ளும். கடற்பஞ்சு தண்ணீரை உள்ளே உறிஞ்சுவது போலில்லை இது. சுவரில் ஒட்டுவது. பாடப்புத்தகத்தில் பரப்புக் கவர்தல் என்று போட்டிருக்கும். பிள்ளைகளுக்கு நான் பல்லடம் பஸ்ஸைத்தான் சொல்வேன். காலையில் காலியாக வருகிற பஸ்ஸில் எல்லாருக்கும் சீட்டு. நேரம் ஆக ஆக நின்றுகொண்டு வருவார்கள். அதற்குப் பிறகு படியில். பிறகு கண்டக்டர் நிறுத்தாமலே விசில் கொடுத்துவிடுவார். கரியும் அப்படித்தான். நிறைந்துவிட்டால் சாயம் ஏறாமல் அப்படியே வெளியே வந்துவிடும். அப்போது கரியை மாற்ற வேண்டும். இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், மணி அடிக்கும், பாடம் முடிந்துவிடும். முப்பது வருடமும் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சிலர் பஸ்ஸில் ஏறுவதே இல்லை. பஸ் காலியாக இருந்தாலும் பக்கத்தில் நடந்தே போவார்கள். தண்ணீரில் கரைந்த உப்பு அந்த ரகம். எத்தனை புதுக் கரி போட்டாலும் அது தண்ணீரோடு உள்ளே போய்த் தண்ணீரோடே வெளியே வந்துவிடும். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குப் பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவார்கள் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது?

எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்று அந்த முதலாளிக்காக ஊர்க்கூட்டத்தில் மேடை ஏறினேன். ஒரு கண்ணாடிக் குழாயில் பஞ்சு, மணல், அதன் மேல் கரி. பட்டறையில் கொடுத்த சிவப்புச் சாயத்தில் ஒரு சிட்டிகையைச் செம்புத் தண்ணீரில் கரைத்து மேலே ஊற்றினேன். கீழே சொட்டுச் சொட்டாகப் பளிங்கு போல வந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் ஆத்தா, "அடேய், டீச்சரம்மா ரத்தத்தையே தண்ணியாக்கிப் போட்டாங்கடா. இனி எங்கூட்டுக்காரரு கள்ளைக் கொடுத்தா மோராக்கித் தருவாங்களா கேளு" என்றாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சமயத்தில் பின்வரிசையிலிருந்து நீ எழுந்தாய். "அம்மா, அதுல ஒரு கை உப்புப் போட்டு ஊத்துங்களேன். உப்புப் போட்டா கரி புடிக்குமாங்கம்மா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. "சபையில கேள்வி கேட்டு மானத்த வாங்காத. உட்காரு" என்றேன். நீ உட்கார்ந்தாய்.

ஆசிரியர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு கண்ணு. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் தோற்காத சோதனையாகப் பார்த்துத்தான் செய்து காட்டுவோம். லிட்மஸ் தாள் சிவக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் பால் போலாகும். அதற்கு மேல் எதையும் தொட மாட்டோம். அன்றும் அதைத்தான் செய்தேன். கரியால் முடிந்ததை மட்டும் கேட்டேன், அது செய்து காட்டியது. கரி யாரையும் ஏமாற்றவில்லை. முடியாததைக் கேட்டிருந்தால் அதையும் காட்டியிருக்கும்.

அதோடு விடவில்லை. பட்டறை மேனேஜர் ஒரு பாட்டிலை நீட்டி, "இது நம்ம அவுட்லெட் தண்ணிங்க டீச்சர்" என்றார். நான் மூடியைத் திருகி இரண்டு வாய் குடித்தேன். கை தட்டினார்கள். மழைத் தண்ணீர் போல ஒரு ருசியும் இல்லாமல் இருந்தது. உப்புக் கொட்டுகிற பட்டறையிலிருந்து வருகிற தண்ணீர் உப்புக் கரிக்க வேண்டாமா என்று என் நாக்கு கேட்டது. நிஜமாகவே கேட்டது. கை தட்டுகிற சத்தத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. யார் பிடித்த தண்ணீர், எந்தக் குழாயில் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கு முன்பெல்லாம் உன் மாமன் ஓடையைப் பார்த்துவிட்டுத்தான் மடையைத் திறப்பார். சிவப்போ நீலமோ வந்தால் அடைத்துவிடுவார். நிறம்தான் அவருக்குக் காவல். நான் குடித்த மறுவாரத்திலிருந்து ஓடையில் நிறம் வருவது நின்றது. அவரும் பார்ப்பதை நிறுத்தினார். மூன்று வருடம் பாய்ச்சினார். முதல் வருடம் மட்டைகளின் நுனி கருகியது. அடுத்த வருடம் குரும்பை கொட்டியது. மூன்றாம் வருடம் பாத்திகளில் வெயில் நேரத்தில் வெள்ளையாகப் பூத்தது. உதிர்ந்த கோலமாவு என்றுதான் முதலில் நினைத்தாராம். கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாராம். மேற்குப் பாதித் தோப்பு போயிற்று. நான் போய் நின்றபோது மரங்களைக் காட்டவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "நீ குடிச்சே அம்மிணி. நான் பாச்சினேன்" என்றார். அவ்வளவுதான். மோர் கொண்டுவரச் சொன்னார். அந்த மோரை நான் குடித்த விதத்தை உனக்கு எப்படிச் சொல்வேன். இப்போது அவரிடம் மிச்சம் இருப்பது கிழக்குப் பாதி. அதற்குத்தான் நீ குழாய் கொண்டுவருகிறாய். போன ஞாயிறு அவரைக் கேட்டேன். "மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டா எனக்குப் போதும். நம்மூட்டுப் பையன் நம்மள மோசம் பண்ணுவானா" என்றார். என்னையும் அவர் அப்படித்தான் நம்பினார்.

இனி உன் பாட்டிலுக்கு வருகிறேன். அதை மேசையில் வைத்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. தண்ணீர் தெளிவாக இருந்ததால் அல்ல. பாட்டில் அவ்வளவு சுத்தமாக இருந்ததால். பட்டறையில் பிடித்த பாட்டிலின் கழுத்தில் ஒரு விரல் ரேகையாவது கறையாக இருக்கும். இது கடையில் வாங்கியது போலத் துடைத்து வைத்திருந்தது. நான் உன்னைக் கேட்டேன்.

"நீயே புடிச்சியா கண்ணு?"

"லேப்ல இருந்து கொண்டாந்தேனுங்கம்மா."

நான் கேட்டது யார் பிடித்தது என்று. நீ சொன்னது எங்கிருந்து வந்தது என்று. முப்பது வருடம் வீட்டுப்பாடம் கேட்டவள் நான். "நோட்டு எங்கே" என்று கேட்டால் "நேத்து எழுதினேன் டீச்சர்" என்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் சட்டைகளைத் துவைக்கிறவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில நாள் நீ வீட்டுக்கு வரும்போது காலரில், நகக்கண்ணில், கைக்குட்டையில் எல்லாம் கரி அப்பியிருக்கும். "இன்னிக்கு கார்பன் மாத்துனோமுங்கம்மா" என்பாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கறையோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆடிக்குப் பிறகு இந்த மாசி வரைக்கும் உன் சட்டைகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டை போல வருகின்றன. ஏற்றுமதி அவசரம் என்று பட்டறை இரவும் பகலும் ஓடுகிறது, ஆனால் கரி மாற்றின அடையாளமே இல்லை. நிறைந்துபோன பஸ்ஸில் எல்லாருக்கும் எப்படி சீட்டுக் கிடைக்கிறது?

நேற்று நீ வேலைக்குப் போன பிறகு, சமையலறையில் மூன்று எவர்சில்வர் தட்டுகளை எடுத்தேன். முதல் தட்டில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டாவது தட்டுக்குக் கொஞ்சம் வேலை செய்தேன். மருந்துக்கடையில் கிளர்வூட்டிய கரி வாங்கிவந்து, பழைய கண்ணாடிக் குழாயை அலமாரியிலிருந்து தேடி எடுத்து, சிவப்புச் சாயமும் ஒரு கை உப்பும் கலந்த தண்ணீரை அதில் ஊற்றினேன். பளிங்கு போல இறங்கியதை ஒரு டம்ளர் பிடித்தேன். மூன்றாவது தட்டில் உன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர். மூன்றையும் அடுப்பில் சிறுதீயில் வைத்து வற்றவிட்டேன். குழாய்த் தண்ணீர் தட்டில் வழக்கம்போல ஒரு வெள்ளை வளையம். கரி வழியாக வந்த தண்ணீரின் தட்டில் சுரண்டி எடுக்கிற அளவுக்கு உப்பு. உன் பாட்டில் தண்ணீர் வற்றிய தட்டில் ஒன்றுமில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு போல இருந்தது. போன மாதம்தான் கண் ஆபரேஷன் செய்துகொண்டேன், அதிலிருந்து எல்லாமே எனக்குக் கொஞ்சம் அதிக வெள்ளையாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட கண்ணுக்கே அந்தத் தட்டில் வெள்ளை தெரியவில்லை.

யோசித்துப் பார். உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ. இயந்திரம் உங்கள் பட்டறைக்கு இன்னும் வரவில்லை என்று நீயே சொன்னாய். இருப்பது கரி மட்டும். கரி உப்பைத் தொடாது. அப்படியிருக்க உன் பாட்டிலில் உப்பு இல்லை. நம் வீட்டுக் குழாயில் வருவதை விடவும் சுத்தமான தண்ணீர் சாயப்பட்டறையின் கடைசிக் குழாயில் வருகிறதா? அது அவுட்லெட் தண்ணீர் இல்லை, கண்ணு. கேன் தண்ணீராகவோ, லேபில் வைத்திருக்கும் காய்ச்சி வடித்த தண்ணீராகவோ இருக்க வேண்டும். கொஞ்சம் கெட்டதாக இருந்திருந்தால் நம்பியிருப்பேன். இவ்வளவு நல்லதாக இருப்பதால்தான் நம்பவில்லை. உனக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன், இது தண்ணீருக்கு மட்டும் அல்ல. எந்தக் காரியமும், அதன் தன்மைக்கு மேல் சுத்தமாக உன் கையில் வந்தால், வாங்கிக்கொள்ளும் முன் யார் துடைத்தார்கள் என்று கேள்.

மிச்சம் இருப்பது இரண்டே வழி. ஒன்று, யாரோ உனக்குக் கொடுத்ததை நீ கேட்காமல் வாங்கி வந்தாய், நான் அன்று வாங்கிக் குடித்ததைப் போல. இல்லாவிட்டால் நீ தெரிந்தே கொண்டுவந்தாய். இரண்டு நாளாக இந்த இரண்டுக்கும் நடுவில் நான் அலைந்துகொண்டிருக்கிறேன். நீ சாப்பிடும்போது உன் முகத்தைப் பார்க்கிறேன். செல்போன் அடித்தால் வெளியே போய்ப் பேசுகிறாய், அதைக் கவனிக்கிறேன். பெற்ற மகனை இப்படிப் பார்க்கிறோமே என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் சந்தேகப்படாமல் இருந்ததால்தான் என் அண்ணனின் பாதித் தோப்பு போயிற்று. அன்பு இருக்கிற இடத்தில் சந்தேகம் கூடாது என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உன் மீது அன்பு இல்லையென்றால் அந்தப் பாட்டிலை அப்படியே அலமாரியில் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை குடித்துக் காட்டிவிட்டு வந்திருப்பேன்.

வேலை போய்விடும் என்று பயப்படுவாய். போகலாம். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியும் வரலாம். என் பென்ஷனில் இரண்டு பேர் சாப்பிட முடியும், கொஞ்ச நாளைக்கு வெண்டைக்காய்க்குப் பதில் கீரை வாங்கிக்கொள்ளலாம். உன் மாமனிடம் மூன்றாவது பாதி என்று ஒன்று கிடையாது.

அதனால் இப்படிச் செய்வோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் பட்டறை கேட்டில் நான் நிற்பேன். வாட்ச்மேன் யார் என்று கேட்டால் இன்சார்ஜின் அம்மா என்பேன். கையில் காலி பாட்டில் ஒன்று கொண்டுவருவேன். மேனேஜர் வேண்டாம், லேப் வேண்டாம். கரித் தொட்டியைத் தாண்டி வருகிற கடைசிக் குழாயை நீ உன் கையால் திற. பாட்டிலை நான் பிடிக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு பேருமாக வற்ற வைப்போம். தட்டில் என்ன நிற்கிறதோ அதை இந்தக் கடிதத்தின் அடியில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை நீயே படி. அதற்கென்று இந்தத் தாளில் நாலு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன். நீ வராவிட்டால் இடத்தைக் காலியாக விட்டு நான் படிப்பேன். கூட்டம் புரிந்துகொள்ளும். எப்படியானாலும் ஒரு தட்டை, நீ வந்தால் அந்தத் தட்டை, வராவிட்டால் நேற்றைய இரண்டாவது தட்டை, உன் மாமன் கையில் கொடுத்து, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அவருக்கு அந்த ருசி தெரியும்.

ஊருக்கு முன்னால் எழுந்து நின்று நீ ஒரு கேள்வி கேட்டாய். அந்த வயதில் அந்தக் கூட்டத்தில் கேட்கத் தோன்றியது உனக்கு ஒருவனுக்குத்தான். உன்னை உட்காரச் சொன்னது நான். அதன் பிறகு நீ சபையில் எழுந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதனால் அந்தப் பதிலையும் அதே ஊருக்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

உப்புப் போட்டால் கரி பிடிக்குமா என்று கேட்டாய்.

பிடிக்காது, கண்ணு.

அம்மா